அக்கரையில் நின்ற சட்டை

மகனே,

உன் தகரப்பெட்டியில், சர்க்கார் கொடுத்த கம்பளிக்கும் உன் அம்மை கட்டி வைத்திருக்கும் எள்ளுருண்டைக்கும் நடுவே இந்தக் காகிதங்களை வைக்கிறேன். மணியாச்சியில் வண்டி மாறி உட்கார்ந்ததும் நீ எள்ளுருண்டையைத் தேடுவாய். சின்ன வயதிலிருந்தே ரயில் நகர்ந்தால் உனக்குப் பசிக்கும். அப்போது கையில் இது தட்டுப்படும். தின்று முடித்துவிட்டே படி, அவசரம் ஒன்றும் இல்லை. நேரில் சொல்ல வாய் இல்லையா என்று கேட்பாய். இந்த வாய் நாற்பது வருஷமாக மரையாணிகளைக் கடித்துக்கொண்டே வேலை பார்த்துப் பழகிவிட்டது. ஒரு கையில் திருப்புளி, ஒரு கையில் துப்பாக்கி, பல்லிடுக்கில் ஆணி. பேச வேண்டிய நேரத்திலெல்லாம் ஆணியைக் கடித்திருக்கிறேன் என்று உன் அம்மை சொல்வாள். அவள் சொல்வது சரிதான். நீ உள்ளே மதிய உறக்கத்தில் இருக்கிறாய். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

முந்தாநாள் படித்துறையில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. மெசபொத்தாமியாவிலிருந்து நீ வந்து பதினெட்டு நாளில் அன்றுதான் நீயாக வாயைத் திறந்தாய். அதுவரை சாப்பிட்டாய், உறங்கினாய், சாப்பிட்ட வெண்கல வட்டிலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நீயே கழுவினாய். ஒரு வட்டிலை அரைமணி நேரம் கழுவினாய். பட்டாளத்துப் பழக்கம் போல என்று உன் அம்மை சிரித்தாள். அன்று படித்துறையில் ஈரத் துண்டைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு, "எப்பா, துப்பாக்கிக் கண்ணாடிக்குள்ள பாத்த மூஞ்சிய மறக்கதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீயே தொடர்ந்தாய். "ஒரு துருக்கிக்காரன், எப்பா. தட்டு கழுவிக்கிட்டிருந்தான். இருநூறு கஜம் இருக்கும். கவுத்து வெச்சு மணலப் போட்டு நல்லாத் தேச்சான். மீசையில சோறோ என்னமோ ஒட்டியிருந்துது. தொடைக்கப் போறான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கண்ணாடிக் கோடு ஆளு மேல பொருந்திட்டுன்னா வெரலு தானா அமுங்கிருதுப்பா."

பிறகு இன்னொன்றும் சொன்னாய். உன் கேப்டன் நல்ல மாதிரி, முடியவில்லை என்றால் சொல், தூரக்கண்ணாடித் துப்பாக்கியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு உன்னை ஆயுதப் பட்டறைக்கு மாற்றுகிறேன், திரும்பி வரும்போது பதில் சொல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். "மாறுனா பயந்துட்டான்னுதான் சொல்லுவாவ. நீங்க என்ன சொல்லுதிய?" என்றாய். நான் என்ன சொன்னேன்? "வெயில் ஏறுது, வா போவோம்" என்றேன். ஒரு தகப்பன் சொல்கிற பதிலா அது? நீயும் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாய். கூடவே இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். நீ வந்த மறுநாள் சவரம் செய்துகொள்ளப் போன இடத்தில் என் மகன் எண்ணூறு கஜத்தில் ஆளை அடிப்பான் என்று பீற்றிக்கொண்டேன். பாதி மீசையோடு பீற்றினேன். அது உன் காதுக்கு வந்திருக்கும். இந்த ஊரில் எது யார் காதுக்கு வராமல் போகிறது?

மறப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ யாரிடம் கேட்கிறாய் என்று தெரியாமலே சரியான ஆளிடம் கேட்டுவிட்டாய். அதைத்தான் எழுதப் போகிறேன். நடந்தது உன் அம்மைக்குத் தெரியும், ஆனால் இதில் அவளுக்கும் தெரியாத ஒன்று உண்டு.

சண்டைக்கு ஆறேழு வருஷத்துக்கு முன்னால், நீ தூத்துக்குடியில் உன் மாமா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தபோது, மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் பட்டறைக்கு வந்தார். பழைய பட்டாளத்துக்காரர். அவரிடம் ஒரு பட்டாளத்துத் துப்பாக்கியும், சீமையிலிருந்து வருத்திய முழ நீளத் தூரக்கண்ணாடியும் இருந்தன. இரண்டையும் சேர்த்துக் கொடு என்றார். மிளா மான் வேட்டைக்கு. ஒரு மலைச்சரிவில் நின்று அடுத்த சரிவில் மேய்கிறதை அடிக்க வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் நீ கையாள்கிறாயே, உனக்கே தெரியும், அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டாவை மேலே இருந்து ஐந்தைந்தாகச் சேர்த்துத் திணிக்க வேண்டும். கண்ணாடியை நடுவில் வைத்தால் வாயை அடைத்த மாதிரி ஆகிவிடும். மூன்று வாரம் அதை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தேன். சாப்பிடும்போதும் அதே நினைப்பு, குழம்பில் உப்பில்லை என்பதுகூடத் தெரியவில்லை. கடைசியில் கண்ணாடியை ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடப்பக்கம் தள்ளி வைத்தேன். மரையாணியை மட்டும் நம்பினால் ஒவ்வொரு வெடிக்கும் உதறி உதறித் தளர்ந்துவிடும். அதனால் கண்ணாடியைப் பிடிக்கிற தாங்கியின் அடியில் சாய்வாக ஒரு ஆப்பு வெட்டி, பள்ளத்தில் இறுக்கி, அதற்கு மேலே ஆணி போட்டேன். அரத்தை வைத்துவிட்டுப் பார்த்தபோது மெய்யாகவே நெஞ்சு விம்மியது. நீ பிறந்தபோதுகூட அப்படி விம்மவில்லை. கோபித்துக்கொள்ளாதே, அப்போது பிரசவம் நடந்த வீட்டுக்குள் என்னை விடவில்லை.

இடப்பக்கம் வைத்ததில் ஒரு சங்கடம் உண்டு. பார்க்கிற கண் ஒரு கோட்டில் போகும், குண்டு அதற்குப் பக்கத்துக் கோட்டில் போகும். இரண்டும் ஒரே ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். அந்தத் தூரத்தைத் தேர்ந்தெடுத்து, சுட்டுச் சுட்டுத்தான் கண்ணாடியைத் திருத்த வேண்டும். நானூறு கஜம் வை என்றார் துரை. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆறு வளைகிற இடத்தில், அக்கரையில் ஒரு கத்தரித் தோட்டமும் அதன் பின்னால் உயரமான மண்கரையும் உண்டு. தோட்டத்து நடுவில் கண்ணேறு படாமலிருக்க வைக்கோல் பொம்மை ஒன்று நின்றது. தலைக்குக் கரிச்சட்டியைக் கவிழ்த்து வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தேன், இக்கரைப் பாறையிலிருந்து நானூற்றுப் பத்து. இதைவிட நல்ல குறி கிடைக்காது. ஆனால் மிளா வெள்ளையாகவா இருக்கும், மண் நிறத்தில் குறி வேண்டும் என்றார் துரை. அதற்காகப் பழைய காக்கிச் சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டுபோய்ப் பொம்மைக்கு மாட்டினேன். மாட்டியவன் நான்தான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

தோட்டத்துக் காவலாள் பேர் சுடலைமுத்து. உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். சட்டை போட்டு நான் அவனைப் பார்த்ததில்லை. அவனுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு. வேட்டையில் ஆறிக் கிடக்கிற குழலிலிருந்து போகிற முதல் குண்டுதான் கணக்கு, இரண்டாவது குண்டுக்கு மிருகம் நிற்காது. அதனால் தினமும் விடிந்ததும் ஒரே ஒரு வெடி. வெடிச் சத்தம் கேட்கிறவரை அவன் மண்கரைக்குப் பின்னால் குடிசையை விட்டு வரக் கூடாது. கேட்டதும் வரலாம், அப்புறம் நாள் முழுக்கப் பயமில்லை. நான் பரிசலில் அக்கரை போய் ஓட்டையை அளப்பேன். அவன் எனக்கு முன்னால் நின்று, "அண்ணாச்சி, இன்னைக்கு நெஞ்சுலயே வாங்கிட்டான்" என்று சிரிப்பான். ஆறாவது நாள் கேட்டான், "வேல முடிஞ்சதும் இந்தச் சட்டைய எனக்குத் தருவியளா அண்ணாச்சி?" நான் சிரித்தேன். "ஆறு ஓட்டை விழுந்த சட்டை ஒமக்கு எதுக்குவே?" என்றேன். "பனிக்கு ஓட்டை தெரியவா போவுது" என்றான். தருகிறேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வேலையில் இருந்தேன்.

ஏழாம் நாள் மார்கழிப் பனி ஆற்றை மூடிக்கொண்டிருந்தது. பாறையில் படுத்துக்கொண்டு பார்த்தால் தண்ணீர்கூடத் தெரியவில்லை. விலகட்டும் என்று காத்திருந்தேன். விடிந்து வெகுநேரம் ஆயிற்று. அக்கரையில் அவனும் காத்திருந்திருப்பான். இந்தப் பனியில் அண்ணாச்சி எங்கே வரப்போகிறார் என்று நினைத்திருப்பான். குளிர் தாங்காமல் வெளியே வந்து, பொம்மையின் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, அதன் பக்கத்திலேயே நின்று கத்தரிக்காயைப் புழு தின்றிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் பிற்பாடு நானாகக் கூட்டிச் சேர்த்தது. அன்று எனக்குத் தெரிந்தது, பனி இறங்கியதும் கண்ணாடிக்குள் காக்கிச் சட்டை, அதன் நடுவே கோடுகள். அவ்வளவுதான்.

விரல் தானாக அமுங்கிவிடுகிறது என்றாய். இல்லை ஐயா. அந்தத் துப்பாக்கியின் விசையைப் பிரித்து, எண்ணெய்க்கல்லில் தேய்த்து, திரும்பப் பூட்டியவன் நான். அதற்கு இரண்டு இழுப்பு. முதல் இழுப்பு தொளதொளவென்று வரும். பிறகு ஒரு இடத்தில் முட்டி நிற்கும். அங்கே விரல் நின்றாக வேண்டும், நிற்காமல் போகவே முடியாது. அதன் பிறகு வேண்டுமென்று இழுத்தால்தான் வெடிக்கும். யோசித்து வைத்திருக்கிறான் அதைச் செய்தவன். அந்த இடத்தில் என் விரல் நின்றது. நின்றபோது சட்டையின் கை மேலே போனது. முழங்கை மடிந்தது. வைக்கோல் பொம்மைக்கு ஏது முழங்கை, குறுக்குக் கம்புதானே? பார்த்தேன். பார்த்தது மண்டைக்குள்ளும் போனது. ஆனால் கோடுகள் அத்தனை அழகாகப் பொருந்தி நின்றன. ஆறு நாளும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருக்கிறது, ஏழாவதும் விழுமா என்று தெரிய வேண்டும். இரண்டாம் இழுப்பையும் இழுத்துவிட்டேன்.

விழுந்தது. மற்ற ஆறுக்கும் நடுவில்.

நான் அழுதேன், ஓடினேன் என்றெல்லாம் எழுதினால் பொய். பரிசலில் போனேன். பார்த்தேன். ஆட்களைக் கூப்பிட்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டேன், மாங்காய் ஊறுகாய் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வேறொரு துப்பாக்கிக்கு ஆணி கடைந்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன். நீ வட்டிலைக் கழுவுகிறபோது உன் கையைப் பார்த்தேன். அதுவும் நடுங்கவில்லை.

விசாரணை நடந்தது. "காற்றில் பொம்மையின் சட்டை ஆடுகிறது என்று நினைத்தேன்" என்றேன். துரையும் அதையே சொன்னார், அவர் அங்கே இல்லவே இல்லை என்றாலும். சட்டையைக் கழற்றிப் போட்டது அவன் தப்பு என்று எழுதி முடித்தார்கள். நான் ஏன் அத்தனை தாமதமாகச் சுட்டேன் என்று ஒருவர் கேட்டார், பனி மூடியிருந்தது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ஒரே தாளில் இரண்டும் இருக்கின்றன. ஆற்றின் மேல் அத்தனை நேரம் பனி அசையாமல் நிற்க வேண்டும் என்றால் காற்று எங்கே இருந்திருக்கும்? யாரும் கேட்கவில்லை. துப்பாக்கி வேலை செய்கிறவன் படுத்ததும் முதலில் பார்ப்பது காற்றைத்தான். தினமும் சுடுவதற்கு முன்னால் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதிவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொடுவேன். அன்றைக்கும் எழுதினேன். விசாரணையில் யாரும் அந்தப் புத்தகத்தைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் சுடலைமுத்து பெண்டாட்டி பிச்சம்மாள் ஆற்றைக் கடந்து பட்டறை வாசலுக்கு வந்தாள். திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. நான் ஆணியைக் கடித்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும், அண்ணாச்சி. அவுஹ ஒங்களப் பாத்தாவளா?" என்றாள். ஆணியைத் துப்பிவிட்டு, "இல்லம்மா. அங்கன இருந்து பாத்தா நான் தெரியமாட்டேன்" என்றேன். "அப்போ யாரு, எதுக்குன்னு தெரியாமலே போயிட்டாவளே" என்றாள். பிறகு பைய நடந்து போய்விட்டாள். பத்தடிக்கு அப்பால் நின்று கேட்டவளிடம்கூட, அம்மா, எனக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு நான் தெரிந்தேன். அவள் புருஷனுக்குத்தான் தெரியவில்லை.

சண்டை தொடங்கியதும் அந்தத் துரை சீமைக்குப் புறப்பட்டார். போகும் முன் வந்து, இடப்பக்கத் தாங்கியின் அளவுகளை என்னிடமே படமாக வரைந்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் உன் கடிதம் வந்தது. கம்பெனியில் நாலே நாலு பேரிடம்தான் அந்தத் துப்பாக்கி இருக்கிறது, அதில் நான் ஒருவன், கண்ணாடி இடப்பக்கமாக உட்கார்ந்திருக்கிறது, முதலில் கன்னத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கஷ்டப்பட்டேன் என்று எழுதியிருந்தாய். அது என் தாங்கி என்று நான் சொல்ல வரவில்லை. மேலே திணிக்கிற துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் எந்தப் பட்டறைக்காரனும் கண்ணாடியைப் பக்கவாட்டில்தான் வைப்பான், சீமையில் எத்தனையோ பேர் வைத்திருப்பார்கள். ஆனாலும் அந்தக் கடிதத்தை வாங்கிய நாளிலிருந்து, நீ கன்னத்தை வைக்கிற இடத்தில் என் கை இருக்கிறது என்ற நினைப்பு போகவில்லை. அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் சவரக் கடையில் போய்ப் பீற்றினேன்.

நீ சொல்வாய், சண்டை வேறு, இது வேறு என்று. வேறுதான். அந்தத் துருக்கிக்காரனிடமும் துப்பாக்கி இருந்திருக்கும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு உன் ஆட்களில் ஒருவனைச் சுட்டிருப்பான். சுடலைமுத்துவிடம் ஒரு கவண்கூடக் கிடையாது. சர்க்கார் சண்டையின் நியாயம் எனக்குத் தெரியாது, அதைப் பேசவும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த விசை மட்டும். முதல் இழுப்புக்கும் இரண்டாம் இழுப்புக்கும் நடுவில் விரல் நிற்கிற இடத்தில் நீ அவன் மீசையைப் பார்த்தாய். நான் முழங்கையைப் பார்த்தேன். பார்த்ததால்தான் உனக்கு மறக்கவில்லை. பார்த்தும் மறந்துவிடுகிறவனாக நீ ஆகியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், பயந்து பேசாமல் இருந்திருப்பேன்.

அதனால் படித்துறையில் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். உன் கேப்டனிடம் போய், முடியவில்லை என்று சொல். கண் மங்குகிறது, தோள் வலிக்கிறது என்று சாக்குச் சொல்லாதே. காற்றின் மேல் பழியைப் போட்டவன் நான், அது எத்தனை வருஷம் கூடவே வருகிறது என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டேன், இனிமேல் முடியாது என்று சொல். ஆயுதப் பட்டறையில் அரத்தை எடுத்து உட்கார். அதுவும் துப்பாக்கி வேலைதான், கை சுத்தமாகிவிடும் என்று உன்னை ஏமாற்றப் போவதில்லை. ஆனால் இரண்டாம் இழுப்பு உன் விரலில் இருக்காது. பயந்துவிட்டான் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். அந்தச் சவரக் கடைக்கு மறுபடியும் நானே போய், என் மகன் பட்டறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டான், நான்தான் கேட்கச் சொன்னேன் என்று சொல்கிறேன். இந்தத் தடவை முழுச் சவரமும் முடிந்த பிறகு சொல்கிறேன்.

இத்துடன் என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். ஏழாம் நாளின் தாள். என் கையெழுத்து உனக்குத் தெரியும். முதல் வரி, "பனி. தாமதம்." இரண்டாம் வரி, "காற்று இல்லை." மூன்றாம் வரி வெறுமையாக இருக்கும். அதில் குண்டு விழுந்த இடத்தை எழுத வேண்டும். எழுதவில்லை. கேப்டன் கூடாரத்துக்குப் போகிற வழியில் கால் தயங்கினால் அதை எடுத்துப் பார். வேறு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. இதை உனக்கு அனுப்பாமல் வேறு யாருக்கு அனுப்புவேன்?

நாளைக் காலையில் உன்னை ரயில் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. உன் அம்மையை மட்டும் வண்டியில் அனுப்பிவிட்டு ஆற்றுக்குப் போகிறேன். பிச்சம்மாள் இப்போதும் அக்கரையில்தான் இருக்கிறாள், அதே தோட்டத்தில் களை எடுக்கிறாள் என்று பரிசல்காரர் சொன்னார். தண்ணீர் முழங்கால் அளவுதான், நடந்தே போய்விடலாம். அவள் என்னை ஏசினாள், அடித்தாள் என்றால் அடுத்த தபாலில் எழுதுகிறேன். மறுபடியும் விசாரணை வந்து என்னைக் கொண்டுபோனால் உன் அம்மை எழுதச் சொல்லி அனுப்புவாள், பதறாதே. கையெட்டும் தூரத்தில் நின்று, அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகு, அன்றைக்குக் காற்று இல்லை என்று அவளிடம் சொல்லப் போகிறேன்.

உன் அப்பா